சாரி கார்டு

"இந்த சாரி கார்டைக் கழட்டிடுங்க" என்றார் சுஹாஸ், புது பைக்கின் பின்சக்கரத்தை ஒட்டியிருந்த கம்பியைக் காட்டி.

மெக்கானிக் சிரித்துவிட்டான். "காலேஜ் பசங்கதான் சார் வந்ததும் வராததுமா இதைக் கேப்பாங்க. நீங்க போய்…" நரைத்த தலையைப் பார்த்ததும் மீதியை விழுங்கிக்கொண்டு ஸ்பானர் எடுக்கப் போனான்.

சுஹாஸுக்கு ஐம்பத்து மூன்று வயது. புனே பக்கம் போசரியில் ஒரு பம்ப் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். அன்று அவரும் மனைவி வைஜயந்தியும் எடுக்க வந்திருந்த வண்டியோ, கறுப்பு உடம்பில் சிவப்புக் கோடு போட்டு, பார்வைக்கு ரேஸுக்குப் புறப்பட்டது மாதிரி நின்றது. மைலேஜ் மட்டும் குடும்பஸ்தன் வண்டிக்கு உள்ளது.

தசரா காலை. புனேயில் பாதி ஊர் அன்றைக்குத்தான் வண்டி எடுக்கும். ஷோரூம் வாசலில் சாமந்தி மாலையும் தேங்காயுமாக ஒரே நெரிசல்.

பக்கத்தில் நின்ற மோரேஷ்வருக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் வைஜயந்தியின் அண்ணன். தங்கை வீட்டில் புது வண்டி என்று விடியற்காலை பஸ் பிடித்து, சாத்தாராவிலிருந்து பேடா டப்பாவோடு வந்திருந்தார். வந்ததிலிருந்தே அவருக்கு மனசு சரியில்லை. பண்டிகையும் அதுவுமாகத் தங்கை பேண்ட்டும் குர்தாவும் போட்டுக்கொண்டு நின்றது முதல் குறை. இப்போது இது.

"மாப்பிள்ளை, சாரி கார்டு எதுக்கு வச்சிருக்கான்? பொம்பளைங்க புடவை சக்கரத்துல மாட்டிக்கக் கூடாதுன்னு. அதைக் கழட்டினா வைஜூ எப்படி உட்காருவா?"

"அவ பின்னாடி உட்காரப் போறதில்ல மச்சான்."

"என்னது?"

"உட்கார மாட்டா. அவ்வளவுதான்."

சுஹாஸ் எப்போதும் இப்படித்தான். பத்து வார்த்தை வேண்டிய இடத்தில் இரண்டோடு முடித்துவிடுவார்.

மோரேஷ்வர் குரலை உயர்த்தினார். "ஜூன் மாசம் நீங்கதான் அவளைப் பழைய வண்டியிலேர்ந்து கீழே தள்ளினீங்க. தோள் எலும்பு விட்டுப்போச்சு. நான் ஒரு வார்த்தை கேட்டேனா? அப்புறம் பழைய வண்டியை வித்தீங்க. நாலு மாசமா அவ ரெண்டு பஸ் மாறி ஸ்கூல் ஆபீசுக்குப் போறா. சரி, புது வண்டி வந்தா கஷ்டம் தீரும்னு பார்த்தா, இந்த வயசுல உங்களுக்கு மைனர் வண்டி! கட்டினவளுக்கு அதுல இடமில்ல!"

பக்கத்தில் பூஜை போட்டுக்கொண்டிருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. சுஹாஸ் தலையைக் குனிந்துகொண்டார். மெக்கானிக் கழற்றிய கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றான்.

"உள்ள கையெழுத்துப் போடப் போனவ வரட்டும்" என்றார் மோரேஷ்வர். "இன்னைக்கே அவளைச் சாத்தாராவுக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்க தனியா ஜாலியா சுத்துங்க."

"வாங்க, சாவி கொடுக்கிற போட்டோ!" என்று ஷோரூம் பெண் கூப்பிட்டாள்.

சுஹாஸ் அசையவில்லை. உள்ளேயிருந்து வைஜயந்தி வந்தாள். சாவியை வாங்கினாள், போட்டோவுக்குச் சிரித்தாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, காலைத் தூக்கிப் போட்டு முன் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டாண்டை எடுத்துவிட்டாள்.

மோரேஷ்வர் தங்கையையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பின்னாடி உட்காரப் போறது நான்தான் மச்சான்" என்றார் சுஹாஸ். "நான் புடவை கட்டறதில்லையே."

மெக்கானிக் களுக்கென்று சிரித்தான். மோரேஷ்வருக்குச் சிரிப்பு வரவில்லை.

"இவர் இருக்கும்போது நீ எதுக்கு ஓட்டணும் வைஜூ?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் மெதுவாகத் தலையாட்டினார்.

"அவருக்குக் கண்ணுல அழுத்தம் ஏறிடுச்சு அண்ணா. நேரா பார்த்தா தெரியும், ரெண்டு பக்கமும் தெரியாது. அன்னைக்குக் குறுக்கே வந்த ஆட்டோ அவருக்குத் தெரியவே இல்ல. இனிமே வண்டியைத் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இவர்தான் யார்கிட்டயும் சொல்லாதேன்னார், உன்கிட்டக்கூட. பாவம், தன்னால நான் விழுந்துட்டேன்னு இன்னும் ராத்தூக்கம் இல்ல அவருக்கு."

மோரேஷ்வர் கையிலிருந்த பேடா டப்பாவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். மாப்பிள்ளையின் தோளில் ஒரு தடவை கையை வைத்து எடுத்தார், அவ்வளவுதான் முடிந்தது. உடனே பழைய அதட்டல் குரல் திரும்பிவிட்டது.

"அது சரி. உனக்கு ஓட்டணும்னா கியர் இல்லாத ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாமே? நாப்பத்தெட்டு வயசுல இந்தக் காளையை எதுக்குக் கட்டி மேய்க்கறே?"

"ஆறு வருஷமா தசராவுக்குத் தசரா இங்க வந்து, இந்த வண்டியைக் கண்ணாடி வழியா பார்த்துட்டுத் திரும்பி வருவார் அண்ணா. பொண்ணு படிப்பு முடியட்டும், அப்புறம் வாங்கிக்கலாம்பார். படிப்பு முடிஞ்சுது, கண்ணு இப்படி ஆயிடுச்சு. அதான் தோள் சரியானதும் கிரவுண்டுக்குப் போய், கீழே விழுந்து எழுந்து கியர் வண்டி கத்துக்கிட்டேன்."

சுஹாஸ் பின்னால் ஏறி உட்கார்ந்தார். புது சீட்டை ஒரு முறை கையால் தடவிப் பார்த்தார்.

வைஜயந்தி வண்டியைக் கிளப்பினாள்.

"டாக்டர் ஓட்டக் கூடாதுன்னுதானே அண்ணா சொன்னார்? ஆசைப்படக் கூடாதுன்னு சொல்லலையே!"