பாம்புச்செவி

அட்டைப்பெட்டி ஆலையில் அவளுக்குப் 'பாம்புச்செவி' என்றே பெயர். இயந்திர இரைச்சலில் பக்கத்து ஆள் கத்தினாலும் கேட்காது. ஆனால் ஒரு பேரிங் லேசாக முனகினால் போதும், அவள் ஓடிப்போய் சுவிட்சை அணைத்துவிடுவாள்.

"எங்கே கத்துக்கிட்டேம்மா இதை?" என்று மேனேஜர் வியப்பார். அவள் சிரித்து மழுப்பிவிடுவாள்.

அப்படிப்பட்டவளின் பக்கத்திலேயே நேற்று ஒரு மோட்டார் கருகிப்போனது. அவளுக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

"இந்த மாசத்துல இது ரெண்டாவது. இப்படியே போனா உன்னை பேக்கிங்குக்குத்தான் அனுப்பணும்" என்றார் மேனேஜர். பிறகு மனசு கேட்காமல், "வீட்டுல ஏதாவது பிரச்சினையாம்மா? தூக்கம் இல்லையா?" என்று கேட்டார்.

"இப்பதான் சார் நல்லாத் தூங்கறேன்."

"அப்புறம் என்ன?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வீட்டுக்காரர் கதவைத் தள்ளற சத்தத்தை வச்சே, இன்னிக்கு அடி விழுமா விழாதான்னு கண்டுபிடிச்சாகணும் சார். அதுல தீட்டின காது இது. போன மாசம் பிள்ளையைத் தூக்கிட்டுத் தனியா வந்துட்டேன். பயம் விட்டுப்போச்சு, காதும் அடங்கிப்போச்சு."

மேனேஜர் வெகுநேரம் யோசித்தார்.

"கொஞ்சம் அனுசரிச்சு, அவரோடயே போயிடக் கூடாதாம்மா? உன் இடத்துக்கு ஆள் கிடைக்கறது ரொம்பக் கஷ்டம்."