நாலாவது சாக்கெட்

மொச்சையை உரித்து உரித்து அனுசுயாவின் நகக்கண்ணெல்லாம் பச்சை ஏறிப்போயிருந்தது. கூடத்தில் காலை நீட்ட இடமில்லை. எங்கே பார்த்தாலும் வயர்.

"மூணு நாள் லீவுன்னு வந்தீக. ரெண்டு நாளா அந்த வயரைத்தான் கட்டிக்கிட்டு அழுகுறீக. இங்கன பாருங்க, பிள்ளை ஒரு துண்டை எடுத்துச் சப்புது!"

"பிடுங்கிப் போடு புள்ள. சாயங்காலம் பொன்னுராஜ் ஐயா வாங்க வந்துருவாக" என்றான் அவள் புருஷன் சுருளிராஜன், சால்டரிங் கம்பியிலிருந்து கண் எடுக்காமல்.

அவன் மதுரைப் பக்கம் ஒரு விமான ஷெட்டில் எலெக்ட்ரீசியன். பொன்னுராஜ், போடியில் ஏலக்காய் வியாபாரி. சொந்தமாக நாலு சீட் விமானம் வைத்திருக்கிறார், அவரே ஓட்டவும் செய்வார். மேலே போய்விட்டால் இன்ஜின் இரைச்சலில் பக்கத்து ஆள் கத்தினாலும் கேட்காது. ஹெட்செட் மாட்டித்தான் பேச வேண்டும். முன்சீட்டில் அந்த வசதி உண்டு. பின்சீட்டுக்கு இப்போதுதான் வைக்கிறார்கள். அதற்கான வயர்தான் இது.

"ஒரு ஆளுக்கு ரெண்டு சாக்கெட்டு. ஒண்ணு கேக்குறதுக்கு, ஒண்ணு பேசுறதுக்கு."

அனுசுயா எண்ணிப் பார்த்தாள். "அப்ப பின்னாடி ரெண்டு பேருக்கு நாலு வரணும்ல? மூணுதான இருக்கு?"

"வலது பக்கம் அவுக சம்சாரம் ஜெபராணியம்மா உக்காருவாக. 'அவளுக்குக் கேட்டாப் போதும், மைக் வேண்டாம்'னுட்டாக ஐயா."

உரித்த மொச்சை அவள் கையிலேயே நின்றது.

"அவுக மட்டும் பேசக் கூடாதா?"

"ஷெட்ல இதைச் சொல்லித்தான் எல்லாரும் சிரிக்கிறாய்ங்க. வானத்துலயாவது நிம்மதியா இருப்போம்னு நினைச்சுட்டாக போல!"

"சிரிப்பீக, ஏன் சிரிக்க மாட்டீக! வீட்டுல 'நீ சும்மா இரு'ங்கிறது பத்தாதுன்னு, அம்புட்டு உயரத்துல போயும் வாயை அடைக்கணுமாக்கும்? உங்ககிட்ட இன்னொரு சாக்கெட்டு இருக்கா, இல்லையா?"

"இருக்கு. அதுக்கு?"

"வைங்க."

"சொன்னதைச் செய்யுறதுதான் புள்ள என் வேலை. அதுக்கு உலை வச்சுராத."

"நீங்க அதை வச்சாத்தான் இன்னைக்கு அடுப்புல உலை."

சுருளிராஜன் ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தான். மொச்சை அப்படியே கிடந்தது. பிள்ளை வேறு வீறிட்டு அழுதது. கடைசியில், "உன் வாய்க்குத்தான் முதல்ல ஒரு சுவிட்ச் வைக்கணும்" என்று முனகிக்கொண்டே நாலாவதையும் பற்றவைத்தான்.

சாயங்காலம் வாசலை ஒட்டிக் கார் வந்து நின்றது. பொன்னுராஜ் மட்டும் இறங்கினார். ஜெபராணியம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

வயரைக் கையில் வாங்கிய பொன்னுராஜ் புருவத்தைச் சுருக்கினார். "மூணுன்னுதான தம்பி சொன்னேன்?"

சுருளிராஜன் வாயைத் திறப்பதற்குள், வெளியாள் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ளும் அனுசுயா, இடுப்பில் பிள்ளையோடு முன்னால் வந்துவிட்டாள்.

"நான்தாங்கய்யா வைக்கச் சொன்னேன். அம்மாவும் நாலு வார்த்தை பேசிட்டு வரட்டுமே. அவுகளுக்கு மட்டும் வாய் இல்லையா?"

பொன்னுராஜ் கோபப்படவில்லை. காரை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவளுக்குத் தொண்டையில ஆபரேசன் ஆகி ஏழு மாசம் ஆச்சும்மா. குரல் போயிருச்சு. வாய்க்கு முன்னாடி மைக் நீட்டிக்கிட்டு நின்னா அவ மனசு என்ன பாடுபடும்? ஷெட்ல யார்கிட்டயும் நான் சொல்லல."

அனுசுயா பிள்ளையோடு ஓரடி பின்னுக்கு நகர்ந்தாள்.

"வெட்டிருங்க தம்பி."

சுருளிராஜன் கட்டிங் பிளேயரை எடுத்தான்.

டொக், டொக்.

ஜெபராணியம்மா கார்க் கதவைத் தட்டினார். பிளேயரைக் காட்டி, வேண்டாம் என்று தலையாட்டினார். நாலு விரலைத் தூக்கிக் காட்டினார். பிறகு ஒற்றை விரலை வாய்க்கு முன்னால் கொண்டுபோய், அங்கே மைக் இருப்பதுபோல் இரண்டு தட்டுத் தட்டினார்.

பொன்னுராஜ் பிளேயரைக் கையால் விலக்கினார். "வீட்டுல இப்படித் தட்டித்தான் என்னையக் கூப்பிடுவா..."

"மைக்கைத் தட்டுனா முன்சீட்டுக்கு நல்லாவே கேக்குங்கய்யா" என்றான் சுருளிராஜன்.

"வேணுமா வேண்டாமான்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காமப் போயிட்டேனே!"

"நானும்தாங்கய்யா, அவுககிட்டக் கேக்காமலே..." என்று அனுசுயா ஆரம்பிப்பதற்குள், கார்க் கதவு மறுபடி டொக் டொக்கென்றது. இந்தத் தடவை ஜெபராணியம்மாவின் விரல் கூப்பிட்டது அவளைத்தான்.