முப்பது அடி

"எங்க மருந்துதான் ஏரியைக் கெடுக்குதுன்னா, யார் வயல்ல இருந்து வருதுன்னு பேரைச் சொல்லு" என்றார் கரையோரம் வயல் வைத்திருந்த டிராக்டர்காரர்.

மேடையில் மைக்கைப் பிடித்திருந்தவள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். வயல்வாரியான முடிவை உரிமையாளரிடம் மட்டும்தான் கொடுக்கலாம், சபையில் வாசிக்கக் கூடாது என்பது விதி. அதை மூன்றாவது முறையாகச் சொன்னாள்.

ஜன்னல் வழியே ஏரி தெரிந்தது. ஏரியில் மிச்சமிருந்த தண்ணீர் தெரிந்தது என்பதுதான் சரி.

வெயில் கூடக் கூடப் பூச்சி கூடியிருந்தது. போகத்துக்கு மூன்று முறை தெளித்தவர்கள் ஏழு முறை தெளித்தார்கள். வாரக்கணக்கில் எட்டிப் பார்க்காத மழை, ஒரே மத்தியானத்தில் கொட்டித் தீர்த்து, இலையில் ஈரம் காயாத மருந்தையெல்லாம் வழித்துக்கொண்டு போய் ஏரியில் சேர்த்தது. நிறைந்த ஏரியாக இருந்தால் அதைக் கரைத்துவிட்டிருக்கும். இருந்தது பாதி ஏரி.

தண்ணீருக்குள் வளரும் தட்டான் புழுக்கள் முதலில் செத்தன. அவற்றைத் தின்னும் மீன்கள் குறைந்தன. மீனைத் தேடி வரும் நாரைகள் இந்த வருஷம் வரவே இல்லை. கொசுவுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

அவள் கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. கரையை ஒட்டி முப்பது அடிக்கு யாரும் தெளிக்கக் கூடாது. அங்கே கோரையை வளர விட்டால் வருகிற விஷத்தில் பாதியை அதுவே தடுத்துவிடும். கரையைத் தொட்டுக்கொண்டிருந்தவை ஏழு வயல்கள். ஏழு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் விலகினாலும் விஷம் அந்த வழியாக உள்ளே வந்துவிடும்.

பக்கத்து வயல்காரன் நிறுத்தட்டும், நானும் நிறுத்துகிறேன் என்று ஏழு பேரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதே பேச்சில் இரண்டு கூட்டங்கள் கலைந்துபோயிருந்தன. இதுவும் கலைந்தால் அடுத்த கோடையில் பரிசோதிக்க ஏரியில் உயிர் எதுவும் இருக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

டிராக்டர்காரர் உட்காரவில்லை. ஏழு வயலில் ஒன்று இந்தப் பெண்ணின் சொந்த அக்காவுடையது, அக்காவைக் காப்பாற்றத்தான் விதி, சட்டம் என்று சாக்குச் சொல்கிறாள் என்றார்.

அவளுக்குக் காது சுட்டது.

நான்காவது வரிசையில் அக்கா எழுந்தாள்.

அக்கா என்ன சொல்லப்போகிறாளோ என்று தங்கை மேடை விளிம்புக்கு வந்தாள். வேண்டாம் என்று கண்ணால் சொல்லிப் பார்த்தாள். அக்கா இவள் பக்கமே திரும்பவில்லை.

"இந்த ஏரியில கிடக்கிற விஷத்துல என் கையும் இருக்கு" என்றாள் அக்கா. "பதினெட்டு வருஷம் அடிச்சிருக்கேன். யாரு சொல்லியும் கேட்டதில்லை. முதல் கையெழுத்து நான் போடறேன்."

அந்த அறையில் விவசாயி ஒருவர் அதை மருந்து என்று சொல்லாமல் விஷம் என்று சொன்னது அதுதான் முதல்முறை.

அக்கா மேடைக்கு நடந்து வந்தாள். சேற்றுக் கறை போகாத விரலால் பேனாவை வாங்கிப் பெயரை முழுசாக எழுதினாள். பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

பிறகு வடக்குக் கரைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். அவருக்குப் பின்னால் அண்ணன் தம்பி இருவர். அப்புறம் மற்ற இரண்டு பேர்.

கடைசியாக டிராக்டர்காரர் வந்தார். முப்பது அடி என்றால் யார் காலால் அளக்கிற அடி, என் காலா இந்தப் பொண்ணு காலா என்று கேட்டார். சிரிப்பு அடங்குவதற்குள் அவரும் போட்டுவிட்டார். சுவரோரம் நின்ற மீனவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வாசலில் ஓர் அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம், எல்லாம் இவள் வயலில் இருந்துதான் வந்திருக்கிறது, ஆனாலும் தப்பை ஒத்துக்கொண்டாளே, அதற்கு ஒரு மனசு வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனாள். தங்கையின் வாய்வரை பதில் வந்தது. விதி தனக்கும்தானே விதி. விழுங்கிக்கொண்டாள்.

கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்து, அக்காவைப் படிக்கட்டு ஓரமாக இழுத்துப்போய், அவள் வயலின் முடிவுத் தாளை அவளிடம் கொடுத்தாள். கருவிதான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து மூன்று முறை சோதித்ததைச் சொன்னாள். மறுபடி போய்ப் புதுத் தண்ணீர் எடுத்து வந்து சோதித்ததையும் சொன்னாள். அந்த ஒரு வயல் தண்ணீரில் மட்டும் மருந்து ஒரு துளிகூட இல்லை.

"நீ முதுகுல டேங்கை மாட்டிக்கிட்டுப் போறதை நானே பாத்திருக்கேனேக்கா. என்னத்தை அடிச்சே?"

அக்கா இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"பச்சைத் தண்ணி. ரெண்டு வருஷமா. வெறுங்கையோட நின்னா, உன் வயல்ல இருந்துதான் பூச்சி வருதுன்னு சண்டைக்கு வந்திருவாங்க."

இதை உள்ளேயே சொல்லியிருந்தால் என்ன என்று தங்கை கேட்டாள். எல்லார் முன்னாலும் தலை நிமிர்ந்து நின்றிருக்கலாமே.

அக்கா தாளை நாலாக மடித்துக் கிழித்தாள்.

"சொல்லியிருந்தா நான் ஒருத்திதான்டி நல்லவ ஆகியிருப்பேன்."