இயற்றியவர் பெயர்

சுபைறாவின் பாட்டை அவளுடைய அண்ணன் அபூசாலிக் காக்கா திருடிவிட்டான் என்பதில் பாலமுனையில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

பாட்டுக்குக் காரணம் ஐம்பத்து நாலாம் ஆண்டுச் சிறுபோக நெல் வேளாண்மை. வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானை, பெரிய நிலக்காரரான போடியாரின் வயல்களுக்குத் துரிசு என்னும் மதகைத் திறந்துவிட்டு, கடைசியில் கிடந்த ஏழைகளின் வயல்களுக்கு அடைத்துவிட்டார். கணவனை இழந்த சுபைறாவின் வேளாண்மையும் கதிர் தள்ளுகிற நேரத்தில் காய்ந்துபோனது. முறையிட்டும் யாரும் கேட்கவில்லை. அவள் கவி கட்டினாள்.

துரிசைத் திறந்துவிட்டுப் போடியார்க்குத் தண்ணி தந்தாய்
வரிசையில் நாங்க நின்றோம் வயலெல்லாம் காஞ்சு போச்சே

இப்படித் தொடங்கிய பாட்டில் போகப் போக விதானையாரின் பெயரும் வந்தது. கள்ளன் என்ற சொல்லும் வந்தது. சேர்ந்திருந்து பாய் இழைக்கும் பெண்களுக்கெல்லாம் அது பாடமாகிவிட்டது.

அபூசாலி சைக்கிளில் மீன் விற்பவன். பாட்டுக் கட்டத் தெரியாது, குரலும் கிடையாது. எழுத மட்டும் தெரியும். தங்கச்சி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, உன் பேரிலேயே புத்தகமாக்கித் தருகிறேன் என்று சொல்லிக் கல்முனை அச்சகத்துக்குப் போனான்.

புத்தகம் வந்தது. சுபைறாவுக்கு வாசிக்கத் தெரியாது. அடுத்த வீட்டு முனவ்வறா அட்டையை வாசித்தாள்.

“இயற்றியவர், பாலமுனை அபூசாலி.”

சுபைறா இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். பிறகு நேரே காக்காவிடம் போய்க் கேட்டாள்.

“பொம்புளப் புள்ளைட பேர் மீன் சந்தையில கிடந்து உருளணுமா?” என்றான் அவன்.

அன்றோடு அவள் அவனுடன் கதைப்பதை நிறுத்தினாள். அவன் வாசலில் வைத்துவிட்டுப் போகும் மீனையும் தொடவில்லை. அவனோ மீன் கூடைக்குப் பக்கத்தில் புத்தகங்களையும் பரப்பி, கரகரத்த குரலில் பாடிப்பாடி விற்றான். சந்தையில் அவனைப் பாவலர் என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் சிரித்தான்.

சிரித்தான் என்று கேள்விப்பட்ட பிறகுதான் சுபைறா முனவ்வறாவையும் கூட்டிக்கொண்டு கல்முனைக்கு பஸ் ஏறினாள். அங்கே வக்கீல் ஞானரட்ணம் பிரக்கிராசி முன்னால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முழுப் பாட்டையும் பாடிக் காட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாட்டு கட்டினவருக்குத்தான் சொந்தம், சட்டமும் அப்படித்தான் சொல்கிறது, பாய் இழைக்கிற பெண்கள் சாட்சி சொன்னால் போதும் என்றார். அபூசாலிக்கு அறிவித்தலும் அனுப்பினார். அவன் அதை வாசித்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு மீன் விற்கப் போனான்.

சுபைறாவின் வழக்கு கோட்டுக்கு வருமுன் வேறொரு வழக்கு வந்துவிட்டது. தன்னைக் கள்ளன் என்று அச்சடித்து ஊரெல்லாம் பரப்பியதாக விதானையார் கொடுத்த அவதூறு வழக்கு அது. எதிரி, அபூசாலி. அச்சகக்கார அல்பேட்டையும் சேர்த்திருந்தார்கள்.

பாலமுனையிலிருந்து ஒரு கூட்டமே கோட்டுக்கு வழக்குப் பார்க்கப் போனது. சுபைறாவும் போய், பின் வாங்குப் பலகையில் ஞானரட்ணத்துக்குப் பக்கத்தில் இருந்தாள்.

எதிரிக் கூட்டில் நின்ற அபூசாலியிடம், இந்தப் பாட்டைக் கட்டியது நீதானா என்று நீதவான் கேட்டார்.

“ஓம் ஐயா. நான்தான்.”

விதானையாரின் பிரக்கிராசி விடவில்லை. இவனுக்குப் பாட்டுக் கட்டத் தெரியாது, கட்டியவள் இவனுடைய தங்கச்சி என்று ஊரில் கதை இருக்கிறது, அவளையும் கூப்பிட வேண்டும் என்றார்.

அபூசாலி சிரித்தான். “பொம்புளைக்கு இதெல்லாம் வருமா ஐயா? அவள் என்ட பாட்டக் கேட்டுப் பாடமாக்கினவள்.”

கோட்டில் சிரிப்பு எழுந்தது. சுபைறா எழும்பப் போனாள். ஞானரட்ணம் குனிந்து மெல்லச் சொன்னார்.

“இரிங்க பிள்ளை. இப்ப எழும்பினா அந்தக் கூட்டுக்குள்ள நீங்கதான் நிக்க வேணும்.”

அவள் இருந்துவிட்டாள்.

அல்பேட்டுக்கு அபராதம். அபூசாலிக்கு மூன்று மாதச் சிறை மறியல். பொலிஸ்காரர் கூட்டிக்கொண்டு போகும்போது அவன் தங்கச்சி இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

“பேருக்கு ஆசப்பட்டான். அல்லாஹ் கூலி குடுத்திட்டான்” என்றாள் முனவ்வறா வெளியே வந்து.

அல்பேட் அபராதத்தைக் கட்டிவிட்டு அந்தப் பக்கமாக வந்தார். நீங்கள்தானே சுபைறா என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள்.

முதலில் அவளுடைய பேரைத்தான் அச்சுக் கோத்ததாக அவர் சொன்னார். பாட்டை வாசித்துப் பார்த்ததும் பயம் வந்ததாம். விதானையார் சும்மா விடமாட்டார், யாருடைய பேர் இருக்கிறதோ அவருக்குத்தான் மறியல், பேர் இல்லாமல் என்னால் அடிக்கவும் ஏலாது, பேசாமல் விட்டுவிடுங்கள் என்று அபூசாலியிடம் சொன்னாராம். தண்ணீர் கிடைக்காதவர்கள் எல்லாரும் பாட வேண்டிய பாட்டு, விட ஏலாது என்றானாம் அவன். தங்கச்சியின் பேரைக் கழட்டிவிட்டுத் தன் பேரைக் கோக்கச் சொன்னானாம்.

சுபைறா அவருக்குக் கிட்டப் போனாள்.

“எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?”

“நானும் அதைத்தான் கேட்டன்” என்றார் அல்பேட். “தெரிஞ்சா அவள் தானே வந்து கூட்டுக்குள்ள ஏறி நிப்பாள், என்னக் கள்ளன் எண்டே நினைக்கட்டும் எண்டார்.”