ரெண்டு கிளாஸ் சைடர்

பேஸ்மென்டில் போத்தல் ஒன்று சுவரில் மோதிச் சிதறியது. அடுத்த கணம் குணவதியின் அலறல் கேட்டது.

மேலே மத்தியானச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் அமிர்தநாதர், கழுவாத கையோடு படிகளில் இறங்கி ஓடினார். பின்னால் மனைவி எமில்டா.

கீழே வாடகைக்கு இருந்த தியாகலிங்கம் தன் மனைவி குணவதியின் தலைமயிரைச் சுற்றிப் பிடித்து, அவள் முகத்தைப் பிரிட்ஜ் கதவில் இடித்துக்கொண்டிருந்தான்.

“ஆரைக் கேட்டடி வேலைக்குப் போனனி?” இன்னொரு இடி. வெள்ளைக் கதவில் இரத்தம் வழிந்தது.

“விடடா அவளை!” அமிர்தநாதர் பாய்ந்தார். தியாகலிங்கத்தின் முழங்கை அவர் நெஞ்சில் இறங்கியது. அவர் மேசையோடு சரிந்தார். எமில்டா அடுப்பிலிருந்த தோசைக்கல்லைத் தூக்கி அவன் மணிக்கட்டில் போட்ட பிறகுதான் பிடி விட்டது.

உடனே அவன் தரையில் குந்தி அழத் தொடங்கினான். “நான் இல்லை அண்ணை! உங்கட சைடர் ரெண்டு கிளாஸ் உள்ள போனா எனக்கு என்ன செய்யிறன் எண்டே தெரியாது. தொண்டையில நெருப்பு மாதிரி இறங்குது.”

அமிர்தநாதரால் மறுக்க முடியவில்லை. அஜின்கோர்ட்டிலிருந்து வெக்ஸ்போர்ட் வரை தமிழர் வீடுகளிலெல்லாம், அவர் வீட்டிலேயே புளிக்கவைத்து எடுக்கும் அப்பிள் மதுவான சைடருக்குப் பெயர் இருந்தது. எண்பத்தைந்தாம் ஆண்டுக் கிறிஸ்மஸ் விருந்தில் அதைக் குடித்த ஒருவர், வெளியே பனியில் படுத்துக்கொண்டு தலையணை கேட்டாராம்.

“பழத்தின்ர இனிப்பு ஒரு சொட்டும் மிஞ்சாது. முழுக்க வெறியா மாறினாப்பிறகுதான் போத்தலுக்குப் போகும்” என்பார் அமிர்தநாதர். பெருமை அவருக்கு, போத்தலில் நிரப்பி ஆளாளுக்குக் கொடுக்கும் வேலை எமில்டாவுக்கு.

குணவதி மூக்கைத் துவாயால் பொத்தியபடி, கட்டிலுக்கடியில் ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்த பெட்டியை இழுத்தெடுத்தாள். கொட்டிக் கிடந்த சைடரில் அவள் செருப்பு, பாகை மிதித்ததுபோல் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

“ரூஜில இருக்கிற தங்கச்சி வீட்டை போறன். இனி வரமாட்டன்.”

“அவசரப்படாத பிள்ளை” என்றார் அமிர்தநாதர், நெஞ்சைத் தடவிக்கொண்டு. “பிழை என்ர. வெறியில செய்ததைப் பெரிசாய் எடுக்காத. இண்டையில இருந்து உவனுக்கு ஒரு சொட்டும் இல்லை. குடிக்காட்டி உவன் தங்கமான பொடியன்.”

“பிள்ளையாராணை இனித் தொடமாட்டன், குணா!” தியாகலிங்கம் அவள் கால்களைக் கட்டிக்கொண்டான்.

குணவதி குனிந்து அவனைப் பார்த்தாள். “குடிக்காட்டி அடிக்கமாட்டீங்களோ?”

“சத்தியமா! அடிச்சது நானில்லை, அந்தச் சைடர்!”

அவள் விரல்கள் தளர்ந்தன. பெட்டியை மெல்லக் கீழே வைத்தாள்.

எமில்டா அதைத் தூக்கி, மறுபடியும் அவள் கையிலேயே கொடுத்தாள்.

“நீ போ பிள்ளை. சித்திரையில இருந்து உவன்ர போத்தல்ல நான் நிரப்பினது கடை ஜூஸும் இஞ்சிச் சாறும்தான்.”