மேல் மாடி மாரத்தான்

விடிந்தும் விடியாமலும் தலைக்கு மேலே ஆரம்பித்துவிடும். தொம், தொம், தொம்.

மேல் வீட்டுக் கண்ணாடிக்காரர் ஓடுகிறார். ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிற மனுஷன், பனிக்காலம் முடிந்ததும் நடக்கப்போகிற மாரத்தானுக்குப் பேர் கொடுத்திருந்தார். தெருவெல்லாம் பனி உறைந்து வழுக்கியதால் பயிற்சி வீட்டுக்குள்ளேயே. ஜன்னலிலிருந்து கதவு, கதவிலிருந்து ஜன்னல்.

கீழ் வீட்டு மாஸ்டர் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓட ஆசையென்றால் மைதானத்துக்குப் போகவேண்டும், முடியாவிட்டால் போர்த்திக்கொண்டு தூங்கவேண்டும். அடுத்தவர் தலைமேலேயா ஓடுவது?

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. கணவர் ரிட்டயரான பி.டி. மாஸ்டர். பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பில் ஆபரேஷன். புண் ஆறிவிட்டது, இனி நடந்தே ஆகணும், இப்படியே கிடந்தால் ஆயுசுக்கும் படுக்கைதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாஸ்டரோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். கெஞ்சியாயிற்று, திட்டியாயிற்று, அழுதும் பார்த்தாயிற்று. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் விசிலடித்து ஓடவிட்டவர், பாத்ரூம் போகவே ஆள் தேடினார்.

இதில் மேலே இந்த இடி வேறு. இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்பியவளை ஒரு குரல் நிறுத்தியது.

"இவன் ஓடறானா, மாவு இடிக்கிறானா?"

மாஸ்டர் எழுந்து உட்கார்ந்திருந்தார். தானாக.

ஒரு சீரே இல்லை, இப்படி ஓடினால் பாதி வழியில் நாக்கு தள்ளிவிடும் என்று எரிந்து விழுந்தார். மூலையில் புத்தம் புதுசாக நின்ற ஊன்றுகோலைக் கேட்டு வாங்கினார். உட்கார்ந்தபடி சீலிங் எட்டவில்லை. அதனால் நின்றார். ஓங்கி ஒரு தட்டு.

மேலே சத்தம் கப்பென்று நின்றது. திட்டு விழுகிறது என்று நினைத்திருப்பார், பாவம்.

"நிக்கச் சொல்லலைய்யா, மெதுவா ஓடச் சொன்னேன்!"

அப்படி ஆரம்பித்ததுதான் அந்தக் கூத்து. ஒரு தட்டு என்றால் மெதுவாக, ரெண்டு தட்டு என்றால் வேகமாக. கொஞ்ச நாளில் பழைய விசிலும் மாஸ்டர் கழுத்தில் ஏறிவிட்டது. மேலே ஆள் ஜன்னலுக்கு ஓடினால், கீழே இவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஜன்னல்வரை நடப்பார். கதவுக்கு ஓடினால் கதவுவரை. காபி குடித்துவிட்டு ஓடலாமா, ஓடிவிட்டுக் குடிக்கணுமா என்று கண்ணாடிக்காரரின் மனைவி கீழே வந்து கேட்டுவிட்டுப் போனாள். சாப்பாட்டுத் தட்டில் சீலிங் சுண்ணாம்பு உதிர்ந்தது. மாஸ்டர் அதை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார். வீட்டை இடித்துக் கட்டுகிறீர்களா என்று பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்தார்.

நடுவில் சில நாள் மேலே பேச்சுமூச்சு இல்லை.

மாஸ்டர் திரும்பவும் சுவர்ப் பக்கம் போய்விட்டார். வைத்த சாப்பாடு வைத்தபடி ஆறிக் கிடந்தது. அவர் மனைவி எந்தச் சத்தத்தைச் சபித்தாளோ அதே சத்தத்துக்காகக் காத்துக் கிடந்தாள்.

ஒரு காலையில் வந்தது. தொம், தொம், தொம். இந்தத் தடவை நின்ற இடத்திலேயே ஓட்டம். மாஸ்டர் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். எழுந்து நின்று ரெண்டு தட்டு தட்டினார்.

பனி உருகியது. ரேஸ் நாளும் வந்தது. இப்போதெல்லாம் மாஸ்டர் தடியை எடுப்பது சீலிங்கைத் தட்ட மட்டும்தான். நடக்க அது தேவைப்படவில்லை.

ஆனால் அன்றைக்கும் மேலே தொம், தொம்.

ரேஸுக்கு நேரமாயிற்றே, இந்த மனுஷன் இன்னும் வீட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறாரே என்று மாஸ்டர் மனைவி பதறிக்கொண்டு மாடியேறினாள். கதவு திறந்துதான் இருந்தது.

கண்ணாடிக்காரர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மாவுக்கட்டு போட்ட ஒரு கால் முன்னால் நீண்டிருந்தது. இரண்டு கையிலும் ஷூவை மாட்டிக்கொண்டு, குனிந்து தரையை அடித்துக்கொண்டிருந்தார். வியர்த்துக் கொட்டியது.

கடைப் படியில் விழுந்து கால் முறிந்து ஒரு மாசத்துக்கு மேலாகிறது என்று அவர் மனைவிதான் சொன்னாள். ரேஸெல்லாம் அன்றைக்கே போச்சு. ஆனால் கீழே விசில் சத்தம் நின்றுபோனது இவருக்குப் பொறுக்கவில்லையாம். படுத்துக் கிடந்தவர், ஷூவை எடு என்று கேட்டு வாங்கினாராம்.

"சார்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கக்கா," என்றார் கண்ணாடிக்காரர், கையை நிறுத்தாமலே. "அடுத்த வருஷ ரேஸுக்கு இப்பவே ஆரம்பிச்சிட்டேன்னு சொல்லுங்க. நான் நின்னா அவர் படுத்துடுவார்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தவள், அந்த அடுத்த வருஷ ரேஸ் கதையை அப்படியே கணவரிடம் ஒப்பித்தாள். மாஸ்டர் சீலிங்கில் ரெண்டு தட்டு தட்டிவிட்டுத் திரும்பினார்.

"ஓடி முடிச்சவன் தண்ணி குடிக்கவாவது நாலு அடி நடப்பான். இவன் நடக்கற சத்தமே கேக்கல. காலுக்கு என்னமோ ஆயிடுச்சு, கையால தட்டறான்னு எனக்கு அன்னிக்கே தெரியும். விட்டா நான் கிடந்த மாதிரி கிடந்துடுவான். அதான் விடாம விரட்டறேன். நீ போய் உளறி வைக்காதே."