தூசு வளையம்

பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டுத் திரும்பிய மலர்க்கொடியை, "உக்காரும்மா. இன்னா ஆராய்ச்சி பண்ற, சொல்லு" என்று நிறுத்தினாள் செல்லம்மாள்.

பெண் பார்க்க வந்த இடத்தில் அம்மா இப்படிக் கேட்பாள் என்று மோகன்குமார் நினைக்கவில்லை. அவனுக்குச் செங்கல்பட்டில் மருந்துக்கடை. திருப்புலிவனத்துக்கு அன்றுதான் முதல்முறையாக வந்திருந்தான்.

மலர்க்கொடி பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

சில நட்சத்திரங்களைச் சுற்றித் தூசு வளையமாகக் கிடக்கிறது என்றாள். நட்சத்திரத்தின் வெப்பத்தில் அந்தத் தூசும் லேசாகச் சூடேறி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விடுகிறது. அதைப் பார்ப்பதற்கென்றே இரண்டு வருடத்துக்கு முன்னால் விண்வெளிக்கு ஒரு தொலைநோக்கியை அனுப்பியிருக்கிறார்கள். அது எடுக்கும் படங்களைத்தான் அவள் பெங்களூரில் உட்கார்ந்து ஆராய்கிறாள்.

"வெறும் தூசுதானே?" என்றான் மோகன்குமார்.

"தூசு நிக்காதுங்க. கொஞ்ச காலத்துல காணாம போயிடும். இன்னும் இருக்குன்னா, அங்க பெரிய பெரிய பாறைங்க மோதி ஒடைஞ்சிக்கினே இருக்குன்னு அர்த்தம். கிரகம்கூட இருக்கலாம்."

சொல்லச் சொல்ல அவளுடைய கூச்சம் போன இடம் தெரியவில்லை. மோகன்குமார் கையில் எடுத்த பஜ்ஜி ஆறிப்போனது. கட்டினால் இவளைத்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டான்.

செல்லம்மாள் தண்ணீர் குடிக்க உள்ளே போனாள். மலர்க்கொடியும் எழுந்து பின்னால் போனாள்.

திரும்பி வந்த செல்லம்மாள் உட்காரவில்லை.

"பொண்ணு ரொம்பப் படிச்சிகீது. எங்களுக்கு ஒத்து வராதுங்க" என்றாள், பெண்ணின் அப்பா பெருமாளிடம்.

பெருமாளின் முகம் சிறுத்துப்போனது. வாசல்வரைகூட அவர் வரவில்லை.

மோகன்குமாருக்குக் கோபமும் அவமானமுமாக இருந்தது. பஸ் உத்திரமேரூர் ஏரியைத் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான்.

"உனக்கு அந்தப் பொண்ணைப் பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிச்சிட்சி, நைனா." செல்லம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னாள். "அடுத்த மாசம் அமெரிக்கா போவணுமாம், இதே ஆராய்ச்சிக்கு. கல்யாணம்னு முடிவாயிட்டா அவங்க நைனா அனுப்ப மாட்டாராம். இப்போ கல்யாணம் வேணாம்னு அந்தப் பொண்ணு சொன்னா வூட்ல யாரும் காதுல வாங்கிக்க மாட்டாங்க. அதான், நான் சொல்லிட்டு வந்தேன்."